விரலை எடுக்காதே

விரலை எடுத்தால் போச்சு. இந்த நிமிஷத்தில் பூங்கோதைக்குத் தெரிந்த ஒரே உண்மை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம். லேப்டாப்பின் விலாவில் சார்ஜர் பின் நுழைகிற ஓட்டை என்றைக்கோ தளர்ந்துபோய்விட்டது. பின்னைச் சொருகி, மேல்பக்கமாக ஒரு தினுசாக நெம்பி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் பக்கத்தில் அந்தக் குட்டி வெள்ளை விளக்கு எரியும். பேட்டரியா? அது போன கோடையிலேயே பூரி மாதிரி உப்பிப்போய், வெடித்துத் தொலைக்கப்போகிறதே என்று கழற்றிப் போட்டாயிற்று. ஆக இப்போது இவள் விரல்தான் கரண்டு. மற்ற நாளில் ஒயருக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துவிடுவாள், அதுவும் நல்ல பிள்ளையாக நிற்கும். இன்றைக்கென்று பார்த்து, திரையில் பழைய சிஸ்டம் அழிந்து புதியது பாதி ஏறியிருக்கிற நேரம் பார்த்து, அட்டை நழுவப் பார்த்தது. பாய்ந்து பிடித்தாள். பிடித்தவள் பிடித்தபடிதான். சமையலறைத் தரையில் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே முக்காலி, முக்காலி மேல் லேப்டாப், அதற்குப் பக்கத்தில் தரையில் உப்பு ஜாடி, ஜாடி மேல் சாய்த்து நிறுத்திய போன். போனில், யூடியூப் வீடியோவில், ஒவ்வொரு படியாக வழி சொல்லிக்கொண்டு வந்த தொண்டை கட்டிய பையன், ‘அவ்ளோதான் நண்பர்களே, இனிமே காத்திருக்க வேண்டியதுதான்’ என்று சொல்லிவிட்டு எப்போதோ போய்விட்டான், போன் கறுத்துப்போய்ச் சும்மா நிற்கிறது. மகள் ஆதிரை பள்ளிவிட்டு வந்ததும் சப்பாத்தி கேட்பாள் என்று பிசைந்து மூடி வைத்த மாவு இடது கைக்கு எட்டுகிற தூரத்தில். நகக்கண்ணில் காய்ந்த மாவு இழுக்கிறது. திரையில் ஒரு நீலப் பட்டை, எறும்பு ஊருகிற வேகத்தில், அதுவும் ஊருகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பையனை யாரோ கேட்டிருந்தார்கள், அதற்கும் சிரித்துக்கொண்டே, பழசும் இருக்காது புதுசும் இருக்காது நண்பர்களே, என்றான். சிரிப்பு வேறு இவனுக்கு.

ஒரு லேப்டாப்பில் வேறு சிஸ்டம் போட இந்தப் பாடா என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். இதற்கெல்லாம் காரணம் சந்தனம். சொன்னால் சிரிப்பு வரும், அவளுக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டிலிருந்த சகலத்தையும் துடைத்தாள். மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, ஆதிரையின் ஜாமெட்ரி பாக்ஸ், கடைசியாக ஹாலில் மேஜை மேல் எப்போதும் திறந்தபடியே இருக்கிற இந்த லேப்டாப். எல்லாவற்றுக்கும் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்று கிண்ணமும் கையுமாக நின்றபோது ஆதிரைதான், “நெத்தியிலம்மா, நடு நெத்தியில” என்றாள். ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு எல்லாவற்றிலும் ஒரு யோசனை உண்டு. திரைக்கு மேலே, விளிம்பின் நட்ட நடுவில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி, பொட்டு வைக்க அளந்து விட்ட இடம் மாதிரி. வழித்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். அது கேமரா என்று தெரியாதா என்றால், தெரியும், புருஷனோடு வீடியோவில் பேசும்போது அதைப் பார்த்துத்தானே பேசுகிறாள். அந்த நேரத்தில் தோன்றவில்லை, சாமி படத்துக்கு முன்னால் அது வெறும் நெற்றி. மறுநாள் சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து செழியன் கூப்பிட்டான். இதைக் கேட்டான், அதைக் கேட்டான், சுண்டல் பண்ணினியா என்றான், போனை வைக்கப்போகிற சமயத்தில், “ஏன் கோதை, கேமரா மேல சந்தனத்தை அப்பி வச்சிருக்கியே, துடைச்சு விடும்மா, லென்ஸ் வீணாப்போகும்” என்றான். “சரிங்க” என்றாள். முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தும் விட்டாள், ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக்கூட எடுத்தாள். அடுத்த நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் மிக்ஸியை நிறுத்தினாள். நான் போட்டோ அனுப்பவில்லையே. பூஜையன்றும் வீடியோ போடவில்லை, மறுநாளும் போடவில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது? மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி நின்றாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் மெல்ல ஹாலை எட்டிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, கூப்பிடாமலே வந்தது. ‘அந்தப் பச்சை நைட்டி தோள்ல கிழிஞ்சிருக்குல்ல, தூக்கிப் போடும்மா.’ ‘தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட ஏன் ஃபேனடியில உட்கார்றே?’ ‘மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடலை போலிருக்கே.’ அதையெல்லாம் என்னவென்று நினைத்தாள்? இதுதான் பொறுக்க முடியாதது, விரல் வலியை விட இதுதான் வலிக்கிறது. அன்பு என்று நினைத்தாள். கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்கு என் வயிறு காலியாக இருப்பது தெரிகிறதே என்று உச்சி குளிர்ந்துபோனாள். தங்கச்சி தேன்மொழியிடம் பெருமை அடித்தாள், “எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் மனசுலயே தெரிஞ்சிடும் தேனு, நான் சொல்லவே வேண்டாம்” என்று. தேன்மொழி பாவம், ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற தன் புருஷனுக்குத் தான் அழுதால்கூடத் தெரியாது என்று மூக்கை உறிஞ்சினாள். அவளைத் தட்டிக்கொடுத்து, ‘எல்லாருக்கும் அமையாதுடி’ என்று வேறு சொன்னாள் மகராசி. இப்போது அந்த வாக்கியம் நினைவு வரும்போதெல்லாம் காது மடல் சுடுகிறது, இப்போதும் சுடுகிறது, ஒரு கையால் காதைத் தடவலாமென்றால் ஒரு கை ஒயரில், இன்னொரு கை முக்காலியை நகராமல் பிடித்திருக்கிறது. கேட்கவில்லையா என்றால், கேட்டாள். கேட்டதற்கு அவன் மறைக்கவே இல்லை. “ஆமா, பார்ப்பேன். பொண்டாட்டி பிள்ளையைப் பார்க்கிறது தப்பா? இங்க ஒரு ரூம்ல ஆறு பேரு, சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்துக் கிடக்கேன். நீங்க ரெண்டு பேரும் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறதைப் பார்த்தாத்தான் தூக்கமே வருது கோதை.” குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று, கூத்தைப் பாருங்கள், பார்க்கப்பட்டவள் பார்த்தவனுக்குச் சமாதானம் சொன்னாள். இனிமேல் பார்க்க மாட்டேன், ஆதிரை மேல் சத்தியம் என்றான். ஒரு வாரம் போயிருக்கும், “ஹால் கர்ட்டனை மாத்திட்டியா, நல்லாருக்கு” என்றான், சத்தியம் பண்ணினதே ஞாபகமில்லாதவனாக, அவ்வளவு சாதாரணமாக.

மூடி வைத்துவிட்டால் என்ன என்று மூடினாள். அரை மணியில் போன் வந்தது, மூடாதே, சூடாகி உள்ளே எல்லாம் போய்விடும், ஆதிரை படிப்புக்கு வேண்டியது. திருப்பி வைத்தாள், சுவரைப் பார்க்கிற மாதிரி. “என்னம்மா, கோவமா?” என்று செல்லமாகக் கேட்டான். கோபம் என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை, இல்லைங்க, தூசு தட்டினேன் என்றாள். அதற்குப் பிறகு ஹாலில் அவள் நடப்பது நடை இல்லை, உட்காருவது உட்காருதல் இல்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சட்டியோடு வைத்துத் தயிர்சாதம் தின்கிற சுகத்தை விட்டாள், தட்டில் போட்டுத் தின்றாள். தனக்குத்தானே பேசுகிற வழக்கம் உண்டு அவளுக்கு, அதை விட்டாள். ஆதிரையோடு பாட்டுப் போட்டு ஆடுவதை விட்டாள், “ஏம்மா டல்லா இருக்கே” என்று அந்தக் குட்டி கேட்டதற்கு முட்டி வலி என்றாள். அழுவதானால் சமையலறைக்கு வந்துவிடுவாள். இந்த வீட்டில் அந்தக் கண் பார்க்காத ஒரே இடம் இதுதான், அடுப்பும் புகையும் எண்ணெய்ப் பிசுக்குமான இந்த நாலடி. அதனால்தான் இன்றைக்கும் இங்கேயே தூக்கிக்கொண்டு வந்தாள், மிக்ஸி பிளக்தான் இறுக்கமாக நிற்கும் என்பதும் ஒரு காரணம், ஆனால் அது இரண்டாவது காரணம்.

வழி காட்டியது ரெஜினா டீச்சர். மாடி வீட்டுக்காரி, அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே பூங்கோதை பாதி சொன்னாள், பாதி விழுங்கினாள். அடப்பாவி, அப்படியா என்றெல்லாம் டீச்சர் வாயைப் பிளக்கவில்லை, “எந்த வருஷத்து மாடல்?” என்றுதான் கேட்டாள். மறுநாள் ஒரு பென்டிரைவைப் புளிக்குழம்புக் கிண்ணம் திருப்பித் தருகிற சாக்கில் கிண்ணத்துக்குள் போட்டுக் கொடுத்தாள். “லினக்ஸ். பழைய மெஷினுக்கு இதுதான் லாயக்கு. யார் வேணாலும் எடுத்துக்கலாம், யார் வேணாலும் உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.” இவளுக்கு உடனே சந்தேகம், “எல்லாரும் பார்க்கலாம்னா அதுவும் அதேதானே டீச்சர்?” டீச்சர் உரக்கச் சிரித்தாள். “அதோட வயித்தைத்தான் எல்லாரும் பார்க்கலாம், உன்னை இல்லை.” அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அப்புறம் டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இது: “ஒரு இடத்துல கேக்கும், பழசைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுப் புதுசைப் போடவா, இல்ல மொத்தத்தையும் அழிச்சுட்டுப் போடவான்னு. அங்க மயங்கிடாதே பூங்கோதை. பழசு இருந்தா, அவர் பார்க்கிறதுக்குன்னு உள்ள போட்டு வச்சதும் இருக்கும்.”

மயங்கத்தான் செய்தாள். எவ்வளவு நல்ல வார்த்தை அது, பழையதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லாத வார்த்தை. அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் இவள் கேட்டு வளர்ந்த வார்த்தையே அதுதானே, கொஞ்சம் விட்டுக்கொடு, ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். அவர் வேண்டும்போது அவருடையதைத் திறக்கலாம், எனக்கு வேண்டும்போது என்னுடையதைத் திறக்கலாம், பாதி வீடு அவருக்கு, பாதி எனக்கு. திரையில் அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன் மேலேயே நிறுத்தினாள், அழுத்தவில்லை, எடுத்தாள், திரும்ப நிறுத்தினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லப்போனால் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு, மற்றதை அழுத்தினாள். அதுவோ விடுகிற மாதிரி இல்லை, நிச்சயமாகவா, அப்புறம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு தரம் மிரட்டிவிட்டுத்தான் நகர்ந்தது. மொழி கேட்டது, பட்டியலில் தமிழ் இருந்தது, ஏதோ சொந்தக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி சந்தோஷம். எந்த ஊர் என்று உலக வரைபடம் காட்டிக் கேட்டது. திருச்சி இல்லை, உறையூர் எங்கே இருக்கப்போகிறது, கொல்கத்தா என்று அதுவே ஒரு புள்ளி வைத்தது. பக்கத்தில் தேடினாள். மஸ்கட் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. இவ்வளவுதானா தூரம் என்று இருந்தது. பிறகு பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. இத்தனை வருஷமாக எல்லா பாஸ்வேர்டும் அவன் போட்டதுதான், நீ மறந்துடுவே என்று சொல்லி அவனே போட்டுத் தருவான், போன தடவை லீவுக்கு வந்தபோது வாங்கி வந்த இந்தப் போனுக்குக்கூட. முதல் தடவையாக அவளே ஒன்று யோசித்தாள். மாவுக் கையோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். அது என்ன என்று இங்கே சொல்வதற்கில்லை, சொன்னால் அப்புறம் அதற்குப் பேர் பாஸ்வேர்டா?

“அக்கா, தண்ணி!” வாசலில் கேன்காரர். இந்த நேரமா பார்த்து வருவார் இந்த மனுஷன். எழுந்திருக்க உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது, ஒயர் லேசாக அசைந்தது, ஐயையோ என்று உட்கார்ந்தாள். “வெளியிலயே வச்சுட்டுப் போங்கண்ணே!” “காலிக் கேன் கொடுங்கக்கா!” “நாளைக்குத் தரேன்!” “நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க!” “கை வேலையா இருக்கேண்ணே!” “என்னமோ போங்க” என்று அவர் கேனைத் தொப்பென்று வைத்துவிட்டுப் படி இறங்குவது கேட்டது. கை வேலை. நல்ல வார்த்தை. அவர் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், ஒயரைப் பிடித்துக்கொண்டு தரையில் சாமியாடி மாதிரி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? நீட்டிய கால் மரத்துவிட்டது, மடித்த கால் மரத்துக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, இப்போது இருக்கிறதா என்றே தெரியவில்லை. பார்க்கவும் பயம், கண்ணைத் திருப்பினால் கை நடுங்கிவிடுமோ என்று திரையையே பார்க்கிறாள், காதை மட்டும் பிரிட்ஜிடம் கொடுத்திருக்கிறாள். அது உறுமுகிற வரைக்கும் கரண்டு இருக்கிறது. திடீரென்று உறுமல் நின்றது. போச்சா? இல்லை, மேலே ஃபேன் சுற்றுகிறது, பிரிட்ஜ் அதன் பாட்டுக்கு இளைப்பாறுகிறது, சனியன், சொல்லிவிட்டு இளைப்பாறக் கூடாதா.

காதுகுத்து வீடியோவை எடுத்து வைத்தேனா? இது அப்போதிருந்தே குடைகிறது. போட்டோக்களை எல்லாம் இன்னொரு பென்டிரைவில் ஏற்றி டீச்சரிடம் கொடுத்தாயிற்று, கல்யாணப் படம், ஆதிரை தவழ்ந்தது, பள்ளிக்கூடத்தில் பரதம் ஆடியது. காதுகுத்து வேறு இடத்தில் இருந்தது, டவுன்லோட்ஸ் என்றோ என்னவோ. அதில்தான் அப்பா இருக்கிறார். ஆதிரையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை வீல் என்று கத்தியதும் தானும் சேர்ந்து அழுதுவிட்டு, கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தாரே, அப்பாவின் குரல் இருக்கிற ஒரே இடம் அதுதான். எடுத்தேன். எடுத்தேனா? ஃபோல்டர் என்கிற அந்தச் சின்ன மஞ்சள் உறையை இழுத்துக்கொண்டு போய் விட்டது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது காதுகுத்தா, குலதெய்வம் கோயிலுக்குப் போனதா? இனிமேல் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் தெரிந்துகொண்டே திரும்பத் திரும்ப அந்த மஞ்சள் உறையை மனசு இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. அழித்தாயே, அவரை அழிக்கிறேன் என்று போய் அப்பாவை அழித்தாயே. அப்படியில்லை, எடுத்திருப்பேன். பள்ளி வேனில் ஆதிரை வருவதற்குள் இது முடிந்துவிடும், முடிந்ததும் முதல் வேலையாக மாடிக்கு ஓடி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நீலப் பட்டை முக்கால் வாசியைத் தாண்டியிருந்தது. இனி அவ்வளவுதான், விரலே, எனக்காக இன்னும் கொஞ்சம்.

போன் அடித்தது. கறுத்திருந்த முகம் பளிச்சென்று வெளிச்சமாகி, ஆதிரை பிறந்தநாளன்று கேக் ஒட்டிய மீசையோடு சிரிக்கிற செழியனின் படம் வந்தது. இந்த நேரத்தில் வரவே மாட்டான். மானேஜர் கண்ணெதிரே உட்காருகிறவன், வேலை நேரத்தில் போனைத் தொடுவதில்லை, அதைப் பார்த்துத்தானே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அடிக்கட்டும் என்று விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. ஹாலில் லேப்டாப் இல்லாதது தெரிந்துவிட்டதா? நேற்று இவள் கடையில் இருந்தபோது எடுக்காமல் விட்டதற்கே எதிர்வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டவன், இப்போதும் போடுவான், எதிர்வீட்டம்மா வந்து பெல்லை அடிப்பாள். மூன்றாவது தடவை அடித்ததும், இடது கையை நீட்டி, ஜாடியோடு சாய்ந்து நின்ற போனைச் சாயாமல் தொட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஏன் கோதை, போனை எடுக்க இவ்வளவு நேரம்?”

“சமையக்கட்டுல இருந்தேங்க.”

“லேப்டாப் ஆஃப் ஆகியிருக்கே. கரண்டு இல்லையா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. கரண்டு இல்லை, ரிப்பேர், புகை வந்தது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம், நாக்கு நுனியில் நாலு பொய் வரிசை கட்டி நின்றது. தூசு தட்டினேன் என்று சொன்ன அதே நாக்கு. விளக்கைப் பார்த்தாள், எரிகிறது. “கரண்டு இருக்குங்க. நான்தான் உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுட்டு வேற போடறேன். நீங்க பார்க்கிறது எனக்குப் பிடிக்கலைங்க.” சொல்லிவிட்டாள். அவள் குரல்தானா என்று இருந்தது. இவ்வளவு நாளும் மூச்சையே அரைகுறையாக விட்டுக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கத்துவான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை, பெருமூச்சு விட்டான், அப்புறம் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். “இதுக்குப் போயி... சொல்லியிருந்தா நானே ஏதாவது பண்ணியிருப்பேனே. சரி விடு. அழிச்சது அழிச்சாச்சு. உனக்குப் பிடிக்கலைன்னா எனக்கும் வேண்டாம்.”

“நிசமாத்தானா?”

“நிசமாத்தான். போட்டோ எல்லாம் போச்சேன்னு மனசைக் குழப்பிக்காதே. எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு காப்பி இருக்கு. மாமா அழுவாரே, அந்தக் காதுகுத்து வீடியோ, அதுவும் இருக்கு. இன்னைக்கே அனுப்பறேன்.”

அப்பா இருக்கிறார். கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது பூங்கோதைக்கு. துடைக்கக் கையில்லை, கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல மனுஷனைப் போய், கிண்ணத்துக்குள் பென்டிரைவும் அதுவுமாக, திருட்டுத்தனம் மாதிரி. வாயைத் திறந்து முன்னாலேயே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமே, தப்பு முழுக்க நம்முடையதுதானோ என்று உள்ளே ஏதோ இளகி இறங்கியது. “தேங்க்ஸ்ங்க” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

“பைத்தியம், எனக்கு எதுக்குத் தேங்க்ஸ். முதல்ல ஒரு ரப்பர் பேண்டை எடுத்து அந்த ஒயரைக் கட்டி விடு. எவ்வளவு நேரமா அப்படியே அமுக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கே, கட்டைவிரல் வெளுத்துப்போச்சு பாரு.”

அதானே, ரப்பர் பேண்டு, இது தோன்றவில்லையே. பால் பாக்கெட்டில் வருகிற ரப்பர் பேண்டுகளை மேடைக்குக் கீழே அலமாரிக் கைப்பிடியில் மாட்டி வைத்திருந்தாள். இடது கை தானாகப் போய் அதில் ஒன்றை உருவியும் விட்டது. விரலையும் பார்த்தாள். ஆமாம், வெளுத்துப்போய்த்தான் இருந்தது, நகத்தைச் சுற்றி ரத்தமே இல்லாமல் சுண்ணாம்பாக. பாவம், அவருக்கு எப்படித்தான்.

ரப்பர் பேண்டோடு கை அந்தரத்தில் நின்றது.

சந்தனத்தைத் துடைத்த கை இது. அன்றைக்குப் புரிய, மறுநாள் சட்னி அரைக்கிற வரைக்கும் ஆயிற்று. இன்றைக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. விரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. டீச்சருக்குத் தெரியாது, கேன்காரருக்குத் தெரியாது, ஆதிரைக்குத் தெரியாது. லேப்டாப் கண் அவிந்து கிடக்கிறது. மெல்லத் தலையைத் திருப்பினாள். உப்பு ஜாடி. ஜாடி மேல் சாய்ந்து, இவளையே பார்த்துக்கொண்டு, தொண்டை கட்டிய பையன் பேசத் தொடங்கியதிலிருந்தே இவளையே பார்த்துக்கொண்டு நிற்கிற போன். அவன் வாங்கி வந்து, அவன் எல்லாம் போட்டுக் கொடுத்த போன். கண்ணாடியின் உச்சியில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. சமையலறைக்குள், அவள் அழுகிற இடத்துக்குள், அரிசி களைகிற இடத்துக்குள் எத்தனை மாதமாக இது கையோடு வந்துகொண்டிருக்கிறது. கேன்காரரிடம் பேசியது, பிரிட்ஜைத் திட்டியது, கொஞ்சம் முன்னால் அழுதது. இளகி இறங்கியது எதுவோ, அது அப்படியே உறைந்தது.

“என்னம்மா, பேச்சையே காணோம்?” என்றான் செழியன், அத்தனை பிரியமாக.

ரப்பர் பேண்டைக் கீழே போட்டாள். இடது கையாலேயே மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளினாள், அது உருண்டுபோய்ச் சுவரில் மோதிச் சத்தம் போட்டது. மாவில் ஒரு கிள்ளுக் கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, கையை நீட்டி, போனின் நடு நெற்றியில் வைத்து அழுத்தினாள். நன்றாகவே ஒட்டியது.

“கோதை? என்ன ஆச்சு, திடீர்னு ஒண்ணும் தெரியல. என்னத்தை அப்பினே? துடை அதை.” கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், “விரல் வலிக்குமேன்னுதானம்மா சொன்னேன். துடைச்சுடு.”

பிரிட்ஜ் மறுபடி உறுமத் தொடங்கியிருந்தது. நீலப் பட்டைக்கு இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது.

“வலிக்கலைங்க” என்றாள் பூங்கோதை, விரலை எடுக்காமல்.